லைட்டு வைக்க வந்தவர்கள்

"அக்கா, லைட்டு மட்டும் வச்சு விடுங்க, போதும்."

முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த ஒரு வரியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை, திருத்தங்கல், சாத்தூர் என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கேட்பது இதைத்தான். பிசியோதெரபி என்ற பெயரைச் சொல்லி எங்கள் பக்கத்தில் விசாரிக்க மாட்டார்கள். கரண்ட் வைக்கிற இடம், லைட்டு வைக்கிற இடம் என்றுதான் ஆட்டோக்காரரிடம் கேட்டு வந்து இறங்குவார்கள்.

1992-ல் சிவகாசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குக் கொடுத்த அறையில் மெழுகு உருக்கும் தொட்டி ஒன்று, தோள்பட்டைக்குச் சுற்றுகிற சுவர்ச் சக்கரம் ஒன்று, மரப் பெஞ்சு ஒன்று, பிறகு உருளை வைத்த ஸ்டாண்டில் இன்ஃப்ராரெட் விளக்கு ஒன்று. 250 வாட் பல்பு, முகப்பில் சிவப்புக் கண்ணாடி. கோழிப் பண்ணைகளில் குஞ்சுகளைச் சூடாக வைத்திருக்கத் தொங்கவிடுவார்களே, அதே வகைப் பல்புதான். சுவிட்சைப் போட்டதும் அறை முழுக்கச் சிவப்பாகிவிடும். வந்தவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். மாத்திரை கசக்கும், ஊசி வலிக்கும், கையைப் பிடித்து நீட்டினால் உயிர் போகும். விளக்கு மட்டும் இதமாக இருக்கும். அதனால்தான் அதைக் கேட்டார்கள்.

அந்த விளக்கு தோலுக்கு மருந்து என்று அவர்கள் நம்பினார்கள். உண்மையில் அது வெறும் சூடு. கம்பி பழுக்கிற பல்பில் செலவாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிராகத்தான் வெளியே வரும். சிவப்புக் கண்ணாடி கண் கூசாமல் இருக்க வைத்தது. முதுகு பிடித்துக்கொண்டால், மூட்டு விறைத்துவிட்டால், அந்தச் சூட்டில் தசை கொஞ்சம் இளகும். இளகின கையோடு பயிற்சி கொடுத்தால் வலி குறைவாக இருக்கும். அதற்கு மேல் அதில் எதுவும் கிடையாது.

விளக்கை முக்கால் கை தூரத்தில், அதாவது 45 முதல் 60 சென்டிமீட்டரில் வைக்க வேண்டும். பதினைந்து, இருபது நிமிஷம். வைப்பதற்கு முன்னால் இரண்டு டெஸ்ட் டியூப், ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒன்றில் குளிர்ந்த தண்ணீர். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, விளக்கு படப்போகிற தோலில் மாற்றி மாற்றித் தொட்டு, எது சூடு எது குளிர் என்று கேட்க வேண்டும். கல்லூரியில் முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தது. பரீட்சையில் இதை எழுத மறந்தால் மதிப்பெண் கிடையாது.

நான் பரீட்சையில் மறக்கவில்லை, வேலையில் மறந்தேன்.

தீபாவளி முடிந்த வாரம் அது. பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும். வேலை நாளில் கூலியை விட்டுவிட்டு வர முடியாதவர்கள் எல்லாம் அப்போதுதான் கையையும் இடுப்பையும் காட்ட வருவார்கள். வராந்தா நிறையக் கூட்டம். சாட்டை என்கிற பட்டாசு கட்டுகிற வேலை பார்த்த ஒருவர், நாற்பது வயசிருக்கும், முன்கையில் தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருந்தார்கள். விரல் விறைப்புக்காக வந்தவர். டெஸ்ட் டியூபில் வெந்நீர் நிரப்ப நேரமில்லை என்று நினைத்தேன். விளக்கை வைத்து, "சூடு அதிகமா இருந்தா சொல்லுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டேன். இருபது நிமிஷம் கழித்து வந்தபோது அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒட்டிய தோலில் இரண்டு கொப்புளம், புளியங்கொட்டை அளவில்.

"ஏன் சொல்லல அண்ணாச்சி?"

"ஒண்ணும் தெரியலையே தாயி."

ஒட்டிய தோலில் நரம்பு திரும்ப வளர மாதங்கள் ஆகும், பல இடங்களில் முழுசாக வரவே வராது. உணர்ச்சியில்லாத தோலைப் பார்த்து, சூடாக இருந்தால் சொல் என்று நான் கேட்டிருக்கிறேன். அவர் ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. தீயில் வெந்தவருக்கு இன்னொரு முறை நான் சூடு வைத்தேன். அந்தக் கொப்புளம் ஆற மூன்று வாரம் ஆனது. மூன்று வாரமும் நானே கட்டுப் போட்டேன். அன்றிலிருந்து டெஸ்ட் டியூப் எடுக்காமல் ஒரு விளக்கையும் நான் ஏற்றியது கிடையாது.

எங்கள் ஊரில் மருந்து என்றால் இரண்டு. ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து, ஆலை அறையில் கலப்பதும் மருந்து. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் சேர்ந்ததும் மருந்துதான். வெளியூரிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்த ஒரு டாக்டர், "மருந்து பட்டுருச்சுய்யா" என்று ஒரு அம்மா சொன்னதைக் கேட்டு, என்ன ஆயின்மென்ட், எங்கே வாங்கினீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ்தான் விளக்கினார். அலுமினியப் பவுடர் கலந்த மருந்து பற்றினால் கண் இமைக்கும் நேரத்தில் எரிந்து முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு நொடியின் வெப்பம் முகம், கழுத்து, இரண்டு கை, எல்லாவற்றையும் பொசுக்கிவிடும். நைலான் சேலை கட்டியிருந்தால் அது உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி உடுத்துங்கள் என்று ஆலையில் சொல்வது இதற்காகத்தான்.

வெந்த தோல் ஆறும்போது இழுக்கும். கழுத்து மார்போடு ஒட்டப் பார்க்கும், அக்குள் மூடும், விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கும். வலிக்கிறதே என்று மடக்கி வைத்திருந்தால் மடங்கின நிலையிலேயே தோல் இறுகிவிடும். எனக்கு மதுரையில் தீக்காயப் பிரிவில் வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர் ஒருவர், முதல் நாளே நோயாளியின் தலையணையை எடுத்துவிடச் சொல்வார். கழுத்து வெந்தவருக்குத் தலையணை இருந்தால் தலை முன்னால் குனியும், குனிந்த கழுத்து அப்படியே நிற்கும். தலையணையை எடுத்ததற்கு என்னைத் திட்டாத குடும்பம் இல்லை. கைகளைப் பக்கவாட்டில் விரித்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஸ்பிளின்ட் செய்து கட்டி, இரவெல்லாம் அப்படியே தூங்க வைக்க வேண்டும். புண் மூடிய பிறகு பிரஷர் கார்மென்ட், உடலை இறுக்கிப் பிடிக்கிற துணி. குளிக்கிற நேரம் போக நாள் முழுக்க, ஒரு வருஷம், ஒன்றரை வருஷம். விருதுநகர் வெயிலில். மே மாதம் அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் நடமாடுவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடி விபத்து. அன்றைக்கு மதியத்திலிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவில்லை. ஏறக்குறைய 40 பேர் போனார்கள். அதில் ஆலையில் வேலை பார்த்தவர்கள் மட்டுமில்லை, புகையைப் பார்த்து ஓடிப் போனவர்களும், காப்பாற்றப் போனவர்களும் இருந்தார்கள். பிழைத்தவர்கள் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் மற்ற இடங்களிலும் வாரக்கணக்கில் கிடந்தார்கள். செய்தித்தாள்களில் அந்தச் சம்பவம் பத்து நாளில் முடிந்தது. எனக்கு அது ஜனவரியில்தான் ஆரம்பித்தது. வீட்டுக்குத் திரும்பியவர்கள், கை மடங்கிப் போய், தாடை கீழே இழுத்து, வாய் முழுசாகத் திறக்க முடியாமல் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள்.

அதில் ஒரு பெண், கல்யாணமாகி இரண்டு வருஷம். வலது கையின் நான்கு விரலும் மடங்கியிருந்தது. அவளும் "லைட்டு வைங்க அக்கா" என்றுதான் கேட்டாள். நான் விளக்கைத் தொடவில்லை. தேங்காயெண்ணெய் தொட்டுத் தழும்பை நீவி, விரலை ஒவ்வொரு டிகிரியாக நீட்டினேன். முதல் மாதம் முழுக்க அழுதாள். பக்கத்து அறையில் சிவப்பு வெளிச்சத்தில் சுகமாக உட்கார்ந்திருக்கிற முதுகுவலிக்காரரைக் காட்டி, "அவருக்கு மட்டும் வைக்கிறீங்க" என்பாள். பதினான்கு மாதம் வந்தாள். கடைசியில் சோற்றைப் பிசைந்து தன் பிள்ளைக்கு ஊட்டுகிற அளவுக்கு விரல் திறந்தது. அந்தப் பதினான்கு மாதத்தில் ஒரு நாள்கூட விளக்கு செய்யக்கூடிய வேலை என்று ஒன்று இருக்கவில்லை.

இப்போது சொல்லப்படுகிற ரெட் லைட் தெரபி என் பழைய விளக்கின் பேரன் மாதிரி தெரியும். உறவு கிடையாது. அது சூட்டால் வேலை செய்வதில்லை. 1967-ல் ஹங்கேரியில் எந்த்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், லேசர் ஒளியால் புற்றுநோய் வருமா என்று பார்க்க எலிகளின் முதுகு முடியை மழித்துச் சிவப்பு லேசர் பாய்ச்சினார். புற்றுநோய் வரவில்லை. மழித்த முடிதான் மற்ற எலிகளைவிடச் சீக்கிரம் வளர்ந்தது. அங்கிருந்து ஆரம்பித்த கதை. 630 முதல் 660 நானோமீட்டர் வரையிலான சிவப்பு, 810 முதல் 850 வரையிலான கண்ணுக்குத் தெரியாத கிட்டச்சிவப்பு, இந்த அலைகளைச் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி உறிஞ்சுகிறது, செல் கொஞ்சம் சுறுசுறுப்பாகிறது என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். புற்றுநோய்ச் சிகிச்சையில் வாய் வெந்து புண்ணாவதைத் தடுக்க இந்த ஒளியைப் பயன்படுத்தலாம் என்று சர்வதேச வழிகாட்டுதலே இருக்கிறது. முடி கொட்டுவதற்கும் ஓரளவு சான்று உண்டு. முகச் சுருக்கத்துக்கும் பருவுக்கும் சின்னச் சின்ன ஆய்வுகளில் நல்லது தெரிந்திருக்கிறது. தீக்காயத் தழும்புக்கு? மென்மையாகலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஸ்பிளின்டுக்கும் அழுத்தத் துணிக்கும் பதிலாக இதை வைக்கலாம் என்று சொல்கிற ஆய்வு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

முதன்முதலில் பேனா மாதிரியான ஒரு லேசர் கருவியை நான் கையில் எடுத்தது 2000-க்குப் பிறகு. அதை விற்க வந்த பையன் "சைடு எஃபெக்டே கிடையாது மேடம்" என்று மூன்று தடவை சொன்னான். நான் கேட்டது ஒன்றுதான்: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட்? அவன் பையைத் திறந்து விளக்கப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தான். இன்றைக்கும் ஆன்லைனில் வாங்கிவிட்டு வருகிறவர்களிடம் அதையே கேட்கிறேன். அட்டைப் பெட்டியில் "1000 வாட்" என்று பெரிசாகப் போட்டிருக்கும். தோலில் எவ்வளவு விழுகிறது என்பது எங்கேயும் இருக்காது.

அளவு தெரியாமல் எப்படி வைப்பது? கணக்கு ஒன்றும் பெரிசில்லை. சதுர சென்டிமீட்டருக்கு 50 மில்லிவாட் விழுகிற விளக்கை 10 நிமிஷம் வைத்தால் 30 ஜூல். நம் உச்சி வெயிலில் எல்லாக் கதிரும் சேர்ந்து சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட் அளவுக்கு வரும். விளக்கு என்பது சின்னப் பொருளில்லை என்று புரியவைக்க இதைத்தான் சொல்வேன். இந்த ஒளியில் இன்னொரு குணமும் உண்டு. குறைவான அளவில் செல்லைத் தட்டி எழுப்பும், அளவு மீறினால் அதே செல்லை அடக்கிவிடும். உப்பு மாதிரிதான்.

அமெரிக்காவில் ஆரோக்கியமான தோல் உள்ளவர்களிடம் சிவப்பு எல்.இ.டி. ஒளியை எவ்வளவு வரை கூட்டலாம் என்று படிப்படியாகப் பரிசோதித்தார்கள். வெளிர் நிறத் தோல் 480 ஜூல் வரை தாங்கியது. நிறம் கூடிய தோலுக்கு 320-லேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்கு மேல் போனபோது சிவந்து நின்றது, கொப்புளம் வந்தது. தோலில் உள்ள மெலனின் ஒளியை வாங்கிச் சூடாக்குகிறது. கரிசல் காட்டுத் தோல் நம்முடையது. வெளிநாட்டு அட்டவணையைப் பார்த்து "20 நிமிஷம்" என்று போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று இதைப் படித்த பிறகு எனக்கு உறுதியாயிற்று.

ஒரு ஃபோர்மேன் தம்பி, இருபத்தெட்டு வயசு, தோள்பட்டைத் தழும்புக்காக ஒரு பேனல் வாங்கி, இரவு ஷிப்டு முடிந்து வந்து அதைத் தோளுக்கு நெருக்கமாகச் சாய்த்துவைத்துவிட்டுத் தூங்கிப்போனான். ஒன்றரை மணி நேரம். நெருக்கத்தில் 100 மில்லிவாட் விழுந்தால் 53 நிமிஷத்திலேயே அந்த 320 வந்துவிடும். அதுவும் அவன் தோள் ஆரோக்கியமான தோல் இல்லை. தழும்பின் நடுவில் எதுவும் தெரியவில்லை, ஓரத்தில் எரிச்சல் தாங்காமல்தான் விழித்திருக்கிறான். நல்லவேளை ஓரத்தில் உணர்ச்சி இருந்தது.

லைட்டு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று சாமான் இருக்கிறது என்பதை நான் முழுசாகப் புரிந்துகொண்டது வெண்புள்ளி உள்ளவர்களைப் பார்க்க ஆரம்பித்த பிறகு. தோல் டாக்டர் "லைட் ட்ரீட்மென்ட்" எழுதிக் கொடுத்தார் என்று சீட்டோடு என்னிடம் வருவார்கள். டாக்டர் எழுதியது 311 நானோமீட்டர் புற ஊதா ஒளி. அதற்கென்று தனிப் பெட்டி, தனிக் கணக்கு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. என்னிடம் இருப்பது வெப்ப விளக்கு. இவர்கள் ஆன்லைனில் பார்ப்பது சிவப்பு எல்.இ.டி. மூன்றும் வேறு வேறு. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் பலனும் வராது, சில சமயம் சுட்டுவிடும். கார்போகரிசி எண்ணெயைப் பூசிக்கொண்டு மொட்டை மாடி வெயிலில் நின்று கொப்புளித்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த விதையில் இருக்கும் சோரலின் புற ஊதாவை வாங்கித் தோலைப் பொசுக்கிவிடும். அதனால் யார் எந்த விளக்கைக் கேட்டு வந்தாலும் என்ன பூசுகிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று முதலில் கேட்பேன். பருவுக்கு டாக்சிசைக்ளின் சாப்பிடுகிற பிள்ளைகள், ரத்த அழுத்தத்துக்குத் தண்ணீர் மாத்திரை எடுக்கிற பெரியவர்கள், லூபஸ் உள்ளவர்கள், இவர்களை எல்லாம் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவேன்.

பள்ளிக்கூடம் முடித்த ஒரு பெண். தீப்பெட்டி ஆபீசில் வேலை. கையில் வெளுத்த ஒரு தேமல், நாலணா அகலத்தில். தோழி ஒருத்தி சிவப்பு லைட்டு வைத்தால் நிறம் வரும் என்று சொன்னாளாம். வழக்கம்போல டெஸ்ட் டியூப் எடுத்தேன். தேமலுக்கு வெளியே சரியாகச் சொன்னாள். தேமலுக்குள் வெந்நீரும் தெரியவில்லை, குளிர்நீரும் தெரியவில்லை. பேனா முனையால் தொட்டேன், அதுவும் தெரியவில்லை. வெண்புள்ளியில் உணர்ச்சி போகாது. நான் அவள் அம்மாவை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதினேன். தொழுநோய் என்ற சொல்லை அங்கே டாக்டர் சொல்லட்டும் என்று விட்டேன். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்ததால் ஆறு மாதக் கூட்டு மருந்து, இலவசம். கை கோணாமல், விரல் போகாமல் தப்பித்தாள். அந்தத் தேமல் மேல் சூட்டு விளக்கை வைத்திருந்தால் அன்றைக்கே வெந்திருக்கும். நோயும் ஒளிந்தே இருந்திருக்கும்.

இன்னொருவர் முதியவர். சின்ன வயசில் தீப்பெட்டி ஆபீஸ் தீ விபத்தில் முழங்கால் பின்புறம் வெந்தது. ஐம்பது வருஷத் தழும்பு. ஒரு வருஷமாக அதில் ஒரு புண், ஆறுவதும் வெடிப்பதுமாக இருந்தது. பேரன் டார்ச் மாதிரி ஒரு சிவப்பு விளக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறான். மூன்று மாதமாகத் தினமும் புண்ணின் மேல் அடித்துக்கொண்டிருந்தார்கள். விளிம்பு தடித்து, உருண்டு, தொட்டால் ரத்தம் கசிந்தது. பழைய தீத்தழும்பில் ஆறாத புண் வந்தால் அது புற்றுநோயாக இருக்கலாம். மார்ஜோலின் புண் என்று அதற்குப் பெயர். தழும்பு விழுந்து பல பத்தாண்டு கழித்து வரும். விளக்கை நிறுத்துங்கள், நாளைக்கே மதுரைக்குப் போங்கள் என்றேன். சதை எடுத்துச் சோதித்ததில் அதுதான். வெட்டியெடுத்துத் தோல் ஒட்டினார்கள். கால் பிழைத்தது. பேரன் என்னிடம் வந்து, விளக்கினால்தான் வந்ததா என்று அழுதான். இல்லை, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வந்த தீயினால் வந்தது என்றேன். விளக்கு வைத்ததில் மூன்று மாதம் தாமதமானது என்பதை அன்றைக்கு அவனிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறேன். பட்டாசும் தீப்பெட்டியுமாக இருக்கிற இந்த மாவட்டத்தில் எத்தனை வீட்டில் பழைய தீத்தழும்பு இருக்கிறது! ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண்ணுக்கு எந்த நிறத்திலும் விளக்கு காட்டாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

கொரோனா முடிந்த பிறகு முகமூடிகள் வந்தன. பியூட்டி பார்லரில் கல்யாணப் பெண்ணுக்கு முகம் முழுக்க மூடுகிற பிளாஸ்டிக் முகமூடி, உள்ளே நூறு சின்ன பல்பு. சிவப்பு, நீலம், பச்சை என்று பொத்தான். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கன்னத்தில் மங்கு இருக்கும். மங்குக்குச் சூடு ஆகாது, கண்ணுக்குத் தெரிகிற ஒளியில் நீலமும் ஆகாது. நீல ஒளி கறுப்பைக் கூட்டும் என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. சிவப்பில் அப்படித் தெரியவில்லை. ஆனால் முகமூடியில் எந்தப் பொத்தான் அமுங்குகிறது என்று யார் பார்க்கிறார்கள்? நியூட்ரோஜீனா நிறுவனம் சிவப்பும் நீலமும் கலந்த தன் பரு முகமூடியை 2019-ல் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. சில கண் நோய் உள்ளவர்களுக்கும் ஒளிக்கூச்சம் தரும் மருந்து எடுப்பவர்களுக்கும் கண் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையால். கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்று பார்லரில் சொல்வார்கள். இமை மெல்லிசு, சிவப்பு ஒளி அதைத் தாண்டிப் போகும். கிட்டச்சிவப்பு கண்ணுக்கே தெரியாது, அதனால் கண் தானாகச் சுருங்கிக்கொள்ளவும் செய்யாது. ஒளி மறைக்கிற கண்ணாடி கொடுக்காத இடத்தில் படுக்காதீர்கள் என்று என் சொந்தத் தங்கை மகளிடமே சண்டை போட்டிருக்கிறேன்.

ஆலையில் வெள்ளி பவுடர் ஏறின கையோடு வருகிற பெண்களும் கேட்கிறார்கள், இந்தக் கறுப்பு, லைட்டு வைத்தால் போகுமா என்று. போகாது தாயி. ரேகைக்குள் இருப்பது அலுமினியம். எண்ணெய் தேய்த்து ஊறவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவினால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். அந்தக் கையைப் பார்த்துக் கூச்சப்படாதீர்கள் என்று சொல்ல நினைப்பேன். பல சமயம் கையைப் பிடித்துக்கொள்வதோடு விட்டுவிடுவேன்.

போன வருஷம் என் கிளினிக்குக்கு ஒரு அம்மா தன் பையனோடு வந்தாள். ஒன்பது வயசு. வீட்டு வாசலில் புஸ்வாணம் வெடித்துப் பின்னங்கழுத்திலும் முதுகிலும் காயம். எட்டு மாதமாகிவிட்டது. நல்ல வேளை யாரோ படித்தவர்கள் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். பற்பசை, மை என்று எதையும் தடவாமல் இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டியிருக்கிறார்கள். முதுகு நன்றாக ஆறியிருந்தது. கழுத்தில் மட்டும் கொஞ்சம் தோல் ஒட்டியிருந்தார்கள். அம்மா பையிலிருந்து ஒரு சிவப்பு பேனலை எடுத்து மேசையில் வைத்தாள். மகளிர் குழுவில் கடன் எடுத்து வாங்கியது. "வேணாம்னு சொல்லிராதீங்கக்கா" என்றாள்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேனலின் பின்னால் அலைநீளம் போட்டிருந்தது, 660-ம் 850-ம். என் கையை அதன் முன்னால் வைத்துச் சூடு பார்த்தேன். ஒரு முழ தூரம், ஐந்து நிமிஷம், வாரம் மூன்று நாள், கண்ணுக்குக் கட்டாயம் மறைப்பு, பிறகு எண்ணெய் தொட்டு நீவி, கழுத்தை வளைத்து நிமிர்த்துகிற பயிற்சி, அதை ஒரு நாளும் விடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கு முன்னால் ஒன்று செய்யணும் என்று சொல்லி, அடுப்படியிலிருந்து இரண்டு எவர்சில்வர் டம்ளர் எடுத்து வந்தேன். ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒன்றில் பானைத் தண்ணீர். வீட்டில் இவளேதான் செய்ய வேண்டும் என்பதால் டம்ளரை அவள் கையில் கொடுத்தேன்.

பையன் கண்ணை மூடிக்கொண்டான். அம்மா முதுகில் ஒவ்வொரு இடமாகத் தொட்டாள்.

"சுடுது. குளுருது. குளுருது. சுடுது."

கழுத்துக்கு வந்தாள். ஒட்டிய தோலின் நடுவில் வெந்நீர் டம்ளரை வைத்தாள். பையன் காத்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, வைம்மா" என்றான்.

அவள் டம்ளரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். பிறகு பேனலின் வயரைச் சுற்றிப் பைக்குள் போட்டு, "முதுகுக்கு மட்டும் வச்சுக்கிறேங்கக்கா, கழுத்துக்கு எண்ணெய் எப்படித் தொட்டு நீவணும்னு காட்டுங்க" என்று அருகில் வந்து உட்கார்ந்தாள்.